மேலே தெரிகிறது, கீழே படமெடுக்கத் தடை

யாழ்ப்பாணத்து நல்லூர் கந்தசுவாமி கோயிலின் கூரையைக் கூகுள் எர்த்தில் கண்டுபிடிக்கச் சில விநாடிகள் போதும். அங்கிருந்து திரையை வடக்கே நகர்த்திக்கொண்டு போனால், திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் என்று பலாலி வீதி நீண்டுகொண்டே போகும். இருபுறமும் பாத்தி பாத்தியாகச் செம்மண் தோட்டங்கள், இடையிடையே கறுப்புப் புள்ளிகளாகக் கிணறுகள். வசாவிளானைத் தாண்டினால் அந்த ஒழுங்கு குலைகிறது. வேலிக்கோடுகள் அழிந்து பற்றைக்காடு படர்ந்திருக்கிறது. அதற்கப்பால் பலாலி விமான நிலைய ஓடுபாதையும் படையினரின் கட்டடங்களும் பளிச்சென்று கிடக்கின்றன. எதையும் யாரும் மங்கலாக்கவில்லை.

தரையில் கதை வேறு. 1990இல் மூடப்பட்ட பலாலி வீதியின் வசாவிளான் பகுதி, 35 ஆண்டுகள் கழித்து 2025 ஏப்ரல் 10 அன்று திறக்கப்பட்டபோது நிபந்தனைகளும் கூடவே வந்தன. அப்போதைய விதிகளின்படி, காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே போகலாம். நடந்து போகக் கூடாது, வாகனத்தை இடையில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. 600 கிலோமீற்றர் உயரத்திலிருந்து அமெரிக்கக் கம்பனி எடுத்து உலகெங்கும் விற்கிற காட்சியை, தன் வளவைப் பார்க்கப் போன காணிக்காரர் கைபேசியில் எடுத்தால் அது குற்றம் என்றானது.

பாதுகாப்பின் பெயரால் செய்மதிப் படங்களை மறைப்பது சரியா என்ற கேள்விக்கு இந்த முரண்பாடே நல்ல தொடக்கம். மறைக்க வேண்டும் என்போர் வெறும் பயந்தாங்கொள்ளிகள் அல்லர் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2005 யூனில் கூகுள் எர்த் வெளிவந்த நான்காம் மாதமே, ஹைதராபாத்தில் பொலிஸ் அதிகாரிகள் முன் பேசிய இந்தியக் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், வளர்முக நாடுகளின் பாதுகாப்புக்கு இது ஆபத்து என்று எச்சரித்தார். ஏவுகணைத் தளங்களோடு வாழ்நாளைக் கழித்தவர் அவர். வாய்க்கு வந்ததைச் சொல்பவர் அல்லர். 2007 ஜனவரியில் ஈராக்கின் பாஸ்ராவில், பிரித்தானிய முகாம்களின் கூடாரங்கள் வரை தெரிகிற கூகுள் எர்த் அச்சுப்பிரதிகள் கிளர்ச்சியாளர்களிடமிருந்து கைப்பற்றப்பட்டதாகச் செய்தி வந்தது. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்களும் இத்தகைய படங்களைப் பார்த்து இடங்களைப் பழகியிருந்தார்கள் என்று விசாரணையாளர்கள் சொன்னார்கள். எறிகணையை எந்தக் கூடாரத்துக்குக் குறிவைப்பது என்று காட்டும் படம் உயிரைப் பறிக்கக்கூடியதுதான்.

ஆனால் இலங்கையர் மறக்கக் கூடாத ஒரு திகதி உண்டு: 2001 யூலை 24. கட்டுநாயக்க விமானப்படைத் தளத்துக்குள்ளும் அதையொட்டிய சர்வதேச விமான நிலையத்துக்குள்ளும் விடுதலைப் புலிகள் புகுந்து, போர் விமானங்களையும் ஸ்ரீலங்கன் எயர்லைன்ஸ் விமானங்களையும் எரித்தார்கள். கூகுள் எர்த் பிறக்க அப்போது இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. நாள்கணக்காகக் காத்திருந்து நோட்டம் பார்க்கக்கூடியவனுக்குச் செய்மதிப் படம் ஒரு வசதி, அவ்வளவுதான். அந்த வசதியை மறுப்பதால் அவன் வேலை கொஞ்சம் கடினமாகலாம், நின்றுவிடாது. மறுபுறம், அதே படத்தைவிட்டால் வேறு வழியே இல்லாதவர்களும் இருக்கிறார்கள்.

பலாலியை உள்ளடக்கிய வலிகாமம் வடக்கு மக்கள் அப்படிப்பட்டவர்கள். படையினர் உயர் பாதுகாப்பு வலயமாக்கிய அந்தப் பகுதியிலிருந்து 1990இல் வெளியேறியவர்கள் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி முகாம்களில் இருந்தார்கள். பிறந்த வீடு சில கிலோமீற்றர் தொலைவில்தான், போகத்தான் முடியாது. 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. நம் யாழ்ப்பாணக் கணக்கில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பரப்பு. காணிகளின் உரிமையாளர்களைக் கண்டறிய முடியவில்லை என்றது அரசு. அவர்களோ கூப்பிடு தூரத்தில் முகாம்களில் இருந்தார்கள். அந்த வலயத்தின் முட்கம்பிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று கிராம சேவையாளராலும் சொல்ல முடியாது, ஊடகவியலாளராலும் சொல்ல முடியாது. மயிலிட்டியில் வீடு நிற்கிறதா, கிணறு தூர்ந்துவிட்டதா, மாமரம் இருந்த இடத்தில் படையினரின் தோட்டம் வந்துவிட்டதா என்பதை ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருந்த பிள்ளைகள் திரையில் தேடித் தாய் தகப்பனுக்குச் சொன்னார்கள். 2015க்குப் பின் காணிகள் பகுதி பகுதியாக விடப்பட்டபோது, பலருக்குத் தரைமட்டமான அத்திவாரமே மிஞ்சியிருந்தது. அந்த வீடு எந்த ஆண்டுவரை நின்றது என்று திகதியோடு சொல்லக்கூடிய ஒரே சாட்சி பழைய செய்மதிப் படம். தையிட்டியில் தனியார் காணியில் எழுந்த விகாரையைப் பற்றிய தகராறிலும், எப்போது என்ன கட்டப்பட்டது என்பதை வரிசைக்கிரமமாகப் பார்க்க வழி இருக்கிறது. இந்தப் படங்களை யாரோ மங்கலாக்கியிருந்தால் நட்டப்பட்டிருப்பது எதிரி அல்ல, உறுதிக்காரர்.

2009இல் யுத்தத்தின் கடைசி மாதங்கள் தரும் உதாரணம் இன்னும் கனமானது. பெப்ரவரி 12 அன்று அறிவிக்கப்பட்ட இரண்டாவது யுத்த சூனிய வலயம், முல்லைத்தீவுக் கரையோரத்தில் சுமார் 14 சதுர கிலோமீற்றர் நிலம். உள்ளே சுயாதீன ஊடகவியலாளர்களுக்கு அனுமதி இல்லை. ஐக்கிய நாடுகளின் செய்மதிப் பிரிவான யுனோசாட் ஏப்ரல் 26 திகதியிட்டு ஓர் அறிக்கை தயாரித்தது. வலயத்துக்குள் விழுந்த குண்டுகளின் பள்ளங்களும் சிதைந்த கட்டடங்களும் அதில் இருந்தன. அது பொதுமக்களுக்கென்று எழுதப்பட்டதல்ல. கசிந்துதான் வெளியே வந்தது. கனரக ஆயுதப் பாவனை நிறுத்தப்படுவதாக ஏப்ரல் 27 அன்று கொழும்பு அறிவித்தது. மே 12 அன்று அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம், மனித உரிமை அமைப்புகள் கேட்டுக்கொண்டதற்கிணங்க, மே 6, மே 10 ஆகிய நாள்களின் வணிகச் செய்மதிப் படங்களை ஒப்பிட்டு வெளியிட்டது. ஆயிரக்கணக்கான கூடாரங்கள் இடம் மாறியிருந்தன. எறிகணை விழுந்த தடயங்களும் தெரிந்தன.

இங்கே தணிக்கை செய்தது படத்தை எடுத்த கம்பனி அல்ல. அறிக்கையைக் கையில் வைத்திருந்த ஐ.நா. வெளியிடத் தயங்கியது. அதுவும் ஒருவகைத் தணிக்கையே, மங்கலாக்குவதைவிட மோசமான வகை. அதேவேளை படத்தின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். பள்ளம் தெரியும், யார் சுட்டார் என்று தெரியாது. கூடாரம் தெரியும், அதற்குள் யார் யாரைத் தடுத்து வைத்திருந்தார் என்பது தெரியாது. 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை இரு தரப்பின் மீதும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உள்ளதாகச் சொன்னபோது, செய்மதிப் படங்களோடு சாட்சியங்களையும் சேர்த்தே எடைபோட்டது.

மங்கலாக்குவதில் தொழில்நுட்ப ரீதியாகவே ஒரு மடத்தனமும் உண்டு. 2018இல் ரஷ்யாவின் யாண்டெக்ஸ் வரைபடம் இஸ்ரேலிலும் துருக்கியிலும் படைத்தளங்களைக் கவனமாக மங்கலாக்கியது. அமெரிக்க அறிவியலாளர் கூட்டமைப்பின் மாட் கோர்டா அந்த மங்கல்களை எண்ணினார். 300க்கும் மேற்பட்ட இடங்கள், இரகசியமானவை உட்பட, பட்டியலாகக் கிடைத்தன. சீனாவின் பைடு வரைபடத்தில் சின்ஜியாங் தடுப்பு முகாம்கள் இருந்த இடங்களில் சாம்பல் சதுரங்கள் தோன்றுவதைக் கவனித்து, அவற்றைப் பின்தொடர்ந்தே ஊடகவியலாளர் மேகா ராஜகோபாலன் குழுவினர் முகாம்களைக் கண்டறிந்தார்கள். 2021இல் புலிட்சர் பரிசு பெற்றார்கள். மறைக்கப் போய்க் கொடி நாட்டிய கதை.

இந்த விடயத்தில் அமெரிக்கா சாமர்த்தியசாலி. 1996இன் கைல்-பிங்கமன் திருத்தத்தின் மூலம் இஸ்ரேல், பாலஸ்தீனப் படங்களை 2 மீற்றர் துல்லியத்துக்கு மேல் அமெரிக்கக் கம்பனிகள் விற்காதபடி பார்த்துக்கொண்டது. 2020இல்தான் அந்த எல்லை 40 சென்ரிமீற்றராகக் குறைந்தது. இடைப்பட்ட காலத்தில் இடிக்கப்பட்ட பாலஸ்தீன வீடுகளையும் சேதமான தொல்லியல் தளங்களையும் ஆராய்ந்தவர்கள் கலங்கிய படங்களோடு மல்லுக்கட்டினார்கள். 2001 ஒக்டோபரில் ஆப்கானிஸ்தானின் இகோனொஸ் செய்மதிப் படங்கள் அனைத்தையும் பென்டகன் தரப்பே காசு கொடுத்து வாங்கிப் பிறருக்குக் கிடைக்காமல் செய்தது. 2025 மார்ச்சில் மக்ஸார் கம்பனியின் படங்கள் உக்ரேனுக்குக் கிடைப்பதை அமெரிக்க அரசு சில நாள்கள் நிறுத்தியது. கூர்மையான செய்மதி சொந்தமாக இல்லாத இலங்கைக்கு இதில் எந்த அதிகாரமும் இல்லை. 2019இல் விண்ணில் விடப்பட்ட ராவணா-1 ஒரு கிலோ அளவிலான பரிசோதனைக் கருவி மட்டுமே. ஆகவே பலாலியில் வைக்கப்பட்ட 'படமெடுக்கத் தடை' பலகை, தன் கைக்கு எட்டியவர்களை மட்டும் தடுக்கிற பலகை.

இந்தியா போன பாதை கவனிக்கத்தக்கது. 2016இல் அனுமதியின்றி வரைபடத் தரவு வைத்திருப்போருக்கு 100 கோடி ரூபா வரை அபராதம், ஏழாண்டு வரை சிறை என்று ஒரு சட்டமூலம் வரைந்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும் அது கிடப்பில் போனது. 2021 பெப்ரவரியில் வந்த வழிகாட்டுதல் நேர்மாறானது. அனுமதி முறையைப் பெருமளவு தளர்த்தி, உணர்திறன் மிக்க இடங்களை வரைபடத்தில் இன்னது என்று பெயரிட்டுக் குறிப்பதற்குத் தடை வைத்தார்கள். நிலத்தை மறைக்க முடியாது என்று ஒப்புக்கொண்ட அணுகுமுறை அது.

நியாயமான தணிக்கை ஒன்று உண்டென்றால் அது காலத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். சண்டை நடக்கும் இடத்தின் நேற்றைய படத்தைச் சில வாரங்கள் தாமதிப்பதில் தவறில்லை. நகரும் படைக்கு அது பாதுகாப்பு. அந்தத் தாமதம் பகிரங்கமாக அறிவிக்கப்பட வேண்டும், முடியும் திகதியும் சொல்லப்பட வேண்டும். யுத்தம் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலான பின்பும் ஓடுபாதைக்கு அருகிலுள்ள வளவைப் படமெடுக்க விடாமல் வைத்திருப்பதற்கு இந்த நியாயம் எந்த வகையிலும் பொருந்தாது.

பலாலியிலும் வசாவிளானிலும் மயிலிட்டியிலும் காணி உள்ளவர்கள் ஒன்று செய்யலாம். கணினியில் கூகுள் எர்த் புரோ இலவசம். அதில் பழைய படங்களைத் திகதி வாரியாகப் பார்க்கும் வசதி இருக்கிறது. உங்கள் வளவின் படங்களைத் திகதியும் ஆள்கூறும் தெரியும்படி ஒவ்வொன்றாகச் சேமித்து, காணி உறுதியின் பிரதியோடு சேர்த்து வையுங்கள். கம்பனி நினைத்தால் அந்தப் படங்களை நாளைக்கே மாற்றலாம், எடுத்தும் விடலாம்.