எந்த நாளின் விமானம்? ஜீரோவின் சிறு மாதிரியை ரசிக்கும் முறை

நேர்க்கோட்டில் அளந்தால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சென்னையைவிடக் கொழும்புதான் பக்கம். கொழும்பு 400 கிலோமீட்டருக்குள் இருக்கிறது; சென்னை 500-ஐ நெருங்குகிறது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய சுமார் 125 ஜப்பானிய விமானங்கள் அந்தக் கொழும்பைத் தாக்கின. அவற்றில் 36, குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாக வந்த மிட்சுபிஷி ஜீரோக்கள். நான்கு நாள் கழித்துத் திருகோணமலைக்கும் அதே கதி. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஜீரோவின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்று நின்றால், நம் பக்கத்துக் கடல்வரை வந்துபோன ஒன்றின் உருவம் அது. பார்க்கிறவர்களோ "அச்சு அசலா இருக்கே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காப்பி டம்ளருக்குத் திரும்பிவிடுகிறார்கள். செய்தவருக்கு அது சந்தோஷம் தரலாம். ஆனால் எந்த மாதிரியும் அச்சு அசலாக இருக்க முடியாது என்பதால் அந்தப் பாராட்டு இலக்கைத் தொடுவதில்லை. நல்ல மாதிரி ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அந்த நாளுக்குத் தன் ஒவ்வொரு பாகத்தையும் சாட்சி சொல்லவைக்கிறது. அந்தச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யப் பழகுவதே அதை ரசிக்கும் வழி.

முதலில் அளவு. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் 192 அடி. மாதிரிக்காரர்கள் வழக்கமாகக் கையாளும் 1/72 அளவில் அதைச் செய்தால் 32 அங்குலம், அதாவது ஒரு சாப்பாட்டு மேசையின் உயரத்தைவிடக் கொஞ்சம் கூட. 1/48 அளவில் சரியாக நான்கு அடி. ஜீரோ மாடல் 21-க்கு இறக்கை நுனியிலிருந்து நுனிவரை 12 மீட்டர்; 1/72-ல் அது பதினேழு சென்டிமீட்டரை எட்டாது, 1/48-ல் 25 சென்டிமீட்டர். நீளத்தையும் அகலத்தையும் இப்படிச் சுருக்கலாம். கனத்தைச் சுருக்க முடியாது. அரை மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை 72 மடங்கு குறைத்தால் எந்த பிளாஸ்டிக்காலும் எட்ட முடியாத மெல்லிசு வேண்டும். தகடுகள் சேரும் இடங்களைக் காட்ட மாதிரியின் மேல் கீறப்பட்டிருக்கும் பேனல் கோடு பத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். நிஜ விமானத்தில் அது ஏழு மில்லிமீட்டர் இடைவெளி, பென்சிலைச் செருகலாம். அப்படிப்பட்ட விமானம் பறந்திருக்காது. எனவே மாதிரி செய்கிறவர் ஓரிடத்தில் கூட்டியும் ஓரிடத்தில் குறைத்தும்தான் தீரவேண்டும். எங்கே கூட்டினார், எங்கே அடக்கி வாசித்தார் என்று பார்ப்பது முதல் பாடம். எல்லாப் பேனல் கோட்டிலும் கறுப்பு மையை ஓடவிட்டுத் தரையில் டைல்ஸ் பதித்ததுபோல் ஆக்கியிருந்தால் கை பழகியிருக்கிறது, கண் பழகவில்லை என்று பொருள்.

இந்தக் கூட்டல் குறைத்தலுக்கு நல்ல பாடம் உள்ளூரிலேயே இருக்கிறது. ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளியைத் தினமும் புதிதாக இலைகளாலும் பூக்களாலும் கட்டுகிறார்கள். மாதுளம்பூ அதற்கு மூக்கு. மாதுளம்பூவுக்கும் கிளிமூக்குக்கும் பொருளால் ஒரு சம்பந்தமும் கிடையாது. நிறமும் வளைவும் பொருந்தும் இடத்தில் வைத்ததால் கண் அதை மூக்கென்று ஏற்றுக்கொள்கிறது. பிளாஸ்டிக் மாதிரியும் இப்படித்தான் நம்பவைக்கிறது. கிட்டின் பாகங்களைத் தாங்கிநிற்கும் சட்டத்துத் துண்டை மெழுகுவத்திச் சூட்டில் இளக்கி இழுத்தால் மயிரிழையாக நீளும். அதுவே ஏரியல் கம்பி. மெல்லிய ஈயத்தாளின் கீற்று, விமானியின் இருக்கைப் பட்டை. இறக்கையின் பின்விளிம்பை உப்புத்தாளால் உள்பக்கமாகத் தேய்த்துத் தேய்த்து மெலிதாக்கியிருந்தால் பக்கவாட்டில் பார்க்கும்போது கத்தி விளிம்பாகத் தெரியும். அலட்சியக்காரரின் இறக்கை பலகையாகத் தெரியும். நிறத்துக்கும் இதே நியாயம். ராஜபாளையத்துக்கு மேற்கே நிற்கும் மலைத்தொடர் ஊருக்குள்ளிருந்து பார்த்தால் நீலம், அடிவாரத்துக்குப் போனால் பச்சை. தூரம் நிறத்தை வெளுக்கவைக்கிறது. கைநீட்டும் தூரத்தில் வைத்த 1/72 விமானத்தை நாம் உண்மையில் நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் விமானமாகத்தான் பார்க்கிறோம். அதனால் ஜீரோவின் இன்ஜின் மூடியைச் சுத்தக் கறுப்பாக அடித்தால் அந்த இடம் ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும். சற்றே நீலம் கலந்த, வெளிறிய கறுப்பு உயிரோடு இருக்கும்.

அடுத்தது தேதி. "இது எந்தக் கப்பலின் விமானம், எந்த மாதத்தில்?" என்று கேளுங்கள். கொழும்புக்கு வந்த ஜீரோ என்று பதில் வந்தால் விசாரணையைத் தொடங்கலாம். உடலின் பின்பகுதியில் சுற்றிவரும் பட்டை கப்பலைச் சொல்லும்: ஒரு சிவப்பு என்றால் அக்காகி, ஒரு நீலம் சோர்யு, இரண்டு நீலம் ஹிர்யு, ஒரு வெள்ளை ஷோகாக்கு, இரண்டு வெள்ளை சுய்காக்கு. இரண்டு சிவப்புப் பட்டை காகாவின் அடையாளம். அந்தக் கப்பலோ அடிப்பாகத்தில் சேதப்பட்டு ஜப்பானுக்குத் திரும்பியிருந்தது. கொழும்புக்கு வரவே இல்லை. ஆக, இரட்டைச் சிவப்புப் பட்டையோடு கொழும்புக் கதை சொல்லும் மாதிரி பொய்ச்சாட்சி. இறக்கையின் முன்விளிம்பில் மஞ்சள் பட்டை உண்டா? அது 1942-ன் பிற்பகுதியில் வந்த அடையாளம். மேற்பக்கம் கரும்பச்சையா? அது 1943 வாக்கில். இறக்கை நுனி சதுரமாக வெட்டப்பட்டிருக்கிறதா? அது அடுத்த ரகம். ஏப்ரல் 1942-ன் கப்பல் ஜீரோ மேலும் கீழும் சாம்பல் நிறம். இறக்கை நுனி உருண்டை. கப்பலின் லிஃப்டில் இறங்குவதற்காக அந்த நுனி அரை மீட்டர் அளவுக்கு மடங்கும். மடங்கும் இடத்தைக் குறிக்கும் கோடு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். புரொப்பெல்லரின் முன்பக்கம் வெறும் உலோக வெள்ளி, நுனியில் சிவப்புக் கோடுகள். விமானியின் கண் கூசாமலிருக்கப் பின்பக்கம் மங்கிய பழுப்பு. அந்தப் பழுப்பை மறக்காதவர் மற்றவற்றையும் மறந்திருக்க மாட்டார் என்று ஓரளவு நம்பலாம்.

இங்கேதான் திறமைசாலிகளும் சறுக்குகிறார்கள். ஜப்பானிய விமானம் என்றாலே பெயின்ட் உரிந்து, தேமல் படர்ந்ததுபோல் உலோகம் தெரிய வேண்டும் என்று ஒரு பழக்கம் உண்டு. போரின் கடைசிக் கட்டத்தில் பசிபிக் தீவுகளில் கைவிடப்பட்ட விமானங்களின் புகைப்படங்கள் தந்த பழக்கம் அது. 1942 ஏப்ரலில் வந்தவை, கப்பலுக்குள் தினமும் துடைத்துப் பராமரிக்கப்பட்டவை. அவற்றின் பூச்சு நன்றாகப் பிடித்து நின்றது. அந்த நாளின் அழுக்கு வேறு மாதிரி: புகைக்குழாய்க்குப் பின்னால் ஒரு நிழல், இன்ஜின் மூடியின் அடியில் கொஞ்சம் எண்ணெய்க் கசிவு, விமானி ஏறும் இடத்தில் காலணித் தேய்மானம். குறைவாக அழுக்காக்குவதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும். உரிந்த பெயின்டில் கைவித்தை உடனே கண்ணில் படும், துடைத்த விமானத்தில் படாது. அச்சடித்து ஒட்டும் டெக்கால் படங்களுக்கும் இதையே சொல்லலாம். சிவகாசி அச்சுவேலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒட்டப்பட்ட சிவப்பு வட்டத்தின் ஓரத்தில் பளபளக்கும் சவ்வு விளிம்பு உடனே தட்டுப்படும். அது தெரியாமல், வட்டம் பேனல் கோட்டுக்குள் இறங்கி, பெயின்டாகவே மாறியிருந்தால் வேலை சுத்தம்.

ஒரு மறுப்பு எழும்: ஆதாரங்களே சண்டை போடும்போது தேதிக்குச் சாட்சி எங்கே கிடைக்கும்? உண்மைதான், ஜீரோவின் சாம்பல் நிறம் எது என்பதிலேயே பல பத்தாண்டு வழக்கு இருக்கிறது. மிஞ்சிய தகட்டுத் துண்டுகளில் அந்தச் சாம்பலுக்குள் ஆலிவ் பழுப்புச் சாயல் தெரிகிறது. வெயிலில் காய்ந்தபின் அதே பூச்சு சுண்ணாம்பு பூத்து வெளுக்கிறது. இரண்டு தரப்பும் ஒரே பெயின்டின் இரண்டு வயதைப் பார்த்திருக்க வாய்ப்புண்டு. ஆதாரமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கியவை ர்யூஜோ கப்பலின் விமானங்கள். அந்த ர்யூஜோவின் ஜீரோ ஒன்று ஜூன் மாதம் அலாஸ்காவின் அகூட்டான் தீவுச் சதுப்பில் தலைகுப்புற விழுந்து, ஏறக்குறைய முழுதாக அமெரிக்கர் கையில் சிக்கியது. புகைப்படம், அளவு, பறத்தல் சோதனை என்று எல்லாம் பதிவாயின. வழக்கு முடியாத இடத்தில் மாதிரிக்காரர் ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்கிறார். புதிய விமானம் என்று முடிவுசெய்து பழுப்புச் சாயலை எடுத்தால் அழுக்கும் அதற்கேற்பக் குறைய வேண்டும். வெளுத்த சாம்பலை எடுத்தால் மற்ற இடங்களும் வெயில் பட்டிருக்க வேண்டும். எந்தத் தீர்ப்பு என்பதைவிட, அந்தத் தீர்ப்பில் அவர் கடைசிவரை நிற்கிறாரா என்பதை நாம் பார்க்கலாம்.

இன்னொரு மறுப்பு: ஷிசுவோகாவின் மாதிரிக் கம்பெனிகளான தமியாவோ ஹசெகாவாவோ அச்சில் வார்த்து அனுப்பும் பாகங்களை ஒட்டுவதில் கலை என்ன இருக்கிறது? ஆடிப்பூரத் தேரைப் பார்த்தவர்கள் இதைக் கேட்கத் தயங்குவார்கள். சிற்பம் நிறைந்த மரத்தேர் ஏற்கெனவே இருப்பது. அதன்மேல் கம்பும் துணியும் கட்டி எழுப்புவது ஆண்டுதோறும் நடப்பது. அந்தக் கட்டுமானத்தில் நேர்த்தி கூடியதா குறைந்ததா என்று வீதியில் நிற்பவர்கள் பேசிக்கொள்ளத்தானே செய்கிறார்கள்? ஒரே கிட்டை இரண்டு பேர் செய்தால் இரண்டு விமானங்கள் வரும். வேறுபாடு முழுவதும் முடிவெடுத்ததில் இருக்கிறது.

மிகக் கனமான மறுப்பு கடைசியில் வருகிறது. இது கொலைக்கருவி, மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் ஹெர்மிஸ் கப்பல் முன்னூறுக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது இதே படையெடுப்பில்தான், மலாயாவிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டது இதே ஜப்பானிய ராணுவத்தின் கீழ்தான். அதை அழகுபார்ப்பது சரியா? தேதி இல்லாத மாதிரியைப் பற்றி என்றால் இந்தக் கேள்வி நியாயம். சூரியன் பொறித்த பளபள விமானமாக மட்டும் நின்றால் அது வெறும் வீரப்பெருமை. தேதி உள்ள மாதிரி அப்படி நிற்க முடியாது. கண்ணாடிக் கூண்டு வழியாக உள்ளே, விமானியின் இருக்கையைப் பாருங்கள். நல்ல வேலையாக இருந்தால் அந்தத் தகட்டு இருக்கையில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். எடை குறைக்கப் போட்ட ஓட்டைகள் அவை. இருக்கைக்குப் பின்னால் கவசத் தகடு இருக்காது; குண்டு பட்டால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டியும் இந்த விமானத்தில் இல்லை. தூரமும் திருப்பும் வேண்டுமென்று வடிவமைப்பாளர் ஜிரோ ஹொரிகோஷியிடம் கடற்படை கேட்டது. விலை, அந்த இருக்கையில் உட்காரப்போகிறவனின் உயிர். எதிரியின் உயிரை மட்டுமின்றித் தன் ஆளின் உயிரையும் கிராம் கணக்கில் நிறுத்துப் பார்த்த போர் அது. மூடிய கூண்டுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஓட்டை போடாமல் விட்டவர் இந்தச் சாட்சியை விசாரிக்காமலே அனுப்பிவிட்டார்.

அடுத்த முறை அலமாரி முன் நிற்கும்போது ஒரு கைநீளம் தள்ளி நின்று மொத்த உருவத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் குனிந்து விளிம்பின் மெல்லிசைப் பாருங்கள். பட்டையைப் படித்துத் தேதி கேளுங்கள். அழுக்கு அந்தத் தேதிக்கு ஒத்துவருகிறதா என்று யோசியுங்கள். அதன்பின் செல்போன் விளக்கைக் காட்டி உள்ளே இருக்கையைத் தேடுங்கள். ஓட்டைகள் இருந்தால் செய்தவரிடம் அதைச் சொல்லுங்கள். "அச்சு அசலா இருக்கே" என்று நூறு பேர் சொன்னதைவிட அது அவருக்கு அதிகம் இனிக்கும்.