சதவீதத்துக்குள் ஒளிந்திருக்கும் பயம்

தேர்தல் முடிந்த மறுநாள் பத்திரிகைகள் ஒரு சதவீதத்தைத் தூக்கிக்கொண்டு வரும். கூடினால் ஜனநாயகம் தழைக்கிறது. குறைந்தால் ஜனங்களுக்குப் பொறுப்பில்லை. சேரிச் சனம் வரிசையில் நின்றால் மட்டும் 'காசு வாங்கிட்டு வந்துருக்கானுவ' என்று பேச்சு மாறும். இந்த வாசிப்பையே நாம் கேள்விக்குள்ளாக்க வேண்டியிருக்கிறது.

1984இல் சோவியத் தேர்தலில் 99.99 சதவீதம் பேர் வாக்களித்ததாக அரசு அறிவித்தது. தொகுதிக்கு ஒரே வேட்பாளர். போகாதவன் அதிகாரத்தின் கண்ணில் படுவான். அந்தப் பயம் போதும். 1989இல் பல தொகுதிகளில் போட்டி வந்தபோது அது 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. சுதந்திரம் கூடியது, சதவீதம் குறைந்தது.

அமெரிக்காவின் மிசிசிப்பியில் நேர் எதிர். 1965க்கு முன்பு அங்கே ஓட்டுப்போடும் வயதுள்ள கறுப்பின மக்களில் வாக்காளராகப் பதிவு செய்ய முடிந்தவர்கள் 7 சதவீதம்கூட இல்லை. எழுத்தறிவுச் சோதனை, வேலைநீக்கம், அடி, கொலை. அந்த வருஷம் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1967க்குள் பதிவு 59 சதவீதத்தைத் தாண்டியது. இரண்டே வருஷத்தில் அவர்களுக்குப் பொறுப்பு முளைத்துவிட்டதா என்ன?

ஆக, ஓர் அதிகாரம் ஓட்டுக்கு வராதவனைப் பார்த்துப் பயப்படுகிறது. இன்னொன்று வருகிறவனைப் பார்த்து. நம்மூர் சாதிக்கோ ஜெயிக்கிறவனைப் பார்த்துப் பயம். 1996இல் மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டல், தள்ளிவைப்பு, வாக்குச்சாவடி வன்முறை எல்லாவற்றையும் தாண்டி முருகேசன் ஜெயித்தார். 1997 ஜூன் 30இல் அவரை வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தேர்தல் அறிவிப்பு வரும், மனுப்போட ஆளிருக்காது. ஊர் நிறுத்தின ஆள் ஜெயித்தால் உடனே ராஜினாமா. 2006 அக்டோபரில்தான் அங்கெல்லாம் தலித் தலைவர்கள் நாற்காலியில் உட்கார முடிந்தது. இந்தப் பத்து வருஷத்தை எந்தச் சதவீதம் சொல்லும்?

எங்கள் தெருக் கிழவி ஒருத்தி விடியும் முன்னே வாக்குச்சாவடிக்குக் கிளம்பிவிடும். ஏன் ஆத்தா இம்புட்டு அவசரம் என்றேன்.

"போகலைன்னா செத்துப்போனான்னு பேரை அடிச்சுருவாய்ங்கடா. நான் உசுரோட இருக்கேன்னு வேற எங்க போயிச் சொல்றது?"

இதைத்தான் காசுக்கு வந்த கூட்டம் என்று எழுதுகிறார்கள். நூற்றுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஓட்டுப்போட்டவன் அடிபடாமல் வீடு திரும்பினானா, ஜெயிச்சவன் உசுரோட இருக்கானா என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.