ஒப்புநோக்கும் முறையும் அதன் தோஷங்களும்

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் தலைமையில் 2014-இல் தொடங்கிய சக்தி பிராசஸர் திட்டத்தில், வடிவமைப்பு சரியாக இயங்குகிறதா என்று அறிய ஓர் உபாயம் கையாளப்பட்டது. பெர்க்லி சர்வகலாசாலையில் பிறந்த ஸ்பைக் என்னும் மென்பொருள் பிராசஸரிலும் தாம் வகுத்த பிராசஸரிலும் ஒரே நிரலை ஓட்டி, ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் எந்த ரெஜிஸ்டரில் எந்த மதிப்பு ஏறிற்று என்னும் பதிவுகளை வரிக்கு வரி ஒத்துப் பார்ப்பதே அது. மெய்நிகர் இயந்திர மென்பொருளை எழுதுவோரும் இம்முறையைப் பெரிதும் நம்புகிறார்கள். நம்புவதற்கு நியாயமும் உண்டு.

பாப்ரிஸ் பெல்லார் எழுதிய கியூஎமுவை எடுத்துக்கொள்வோம். வேகத்தின் பொருட்டுக் கட்டளைகளைத் தொகுதி தொகுதியாக மொழிமாற்றி ஓட்டும் அம்மென்பொருள், தொகுதியின் நடுவே புரோகிராம் கவுண்டரை ஒவ்வொரு கட்டளைக்கும் புதுப்பிப்பதில்லை. ஆதலால் நினைவகப் பக்கம் இல்லாமல் ஒரு கட்டளை தடைப்படும்போது, அதன் முகவரியைக் கணக்கிட்டு மீட்டு, தடையின் இடத்தைக் குறிக்கும் எஸ்இபிசி ரெஜிஸ்டரில் இட வேண்டும். இத்தகைய அமைப்பில் அந்தக் கணக்குப் பிசகித் தொகுதியின் தலைமுகவரி பதிவாகிவிட்டால், தடை நீங்கித் திரும்புகையில் முன்னரே நடந்த ஒரு கூட்டல் மறுபடி நடந்து, எண்ணிக்கை ஒன்று மிகும். அதன் விபரீதமோ லட்சக்கணக்கான கட்டளைகளுக்கு அப்பால், கெர்னல் சம்பந்தமில்லாத ஓரிடத்தில் நிலைகுலையும்போதுதான் வெளிப்படும். அங்கிருந்து பின்னோக்கித் தேடுவது வீண் பிரயாசை. ஒப்புநோக்கும் பதிவோ, எஸ்இபிசியில் தவறான மதிப்பு ஏறிய அந்த வரியிலேயே விரலை வைத்துக் காட்டிவிடும்.

ஆயினும் ஒத்திருப்பது வேறு, சரியாயிருப்பது வேறு. எங்கள் சிவகாசிப் பக்கத்தில் காலண்டருக்குப் புரூப் திருத்துவோர் அறிந்த சங்கதிதான்: மூலப்படியிலேயே அமாவாசைத் தேதி பிசகியிருந்தால், எழுத்துக்கு எழுத்து ஒத்த புரூப்பும் பிசகாகவே அச்சேறும்.

இதற்கு மறுதலையான சங்கடமும் உண்டு. சக்தியும் ஸ்பைக்கும் பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதியின் இலக்கணம் சில இடங்களில் இருவழிக்கும் இடங்கொடுக்கிறது. வரிசை தப்பிய முகவரியிலிருந்து படிக்கும் கட்டளையை வன்பொருளே முடித்துவிடலாம், தடையாக எழுப்பவும் செய்யலாம். இவ்வித நியாயமான வேற்றுமைகளைக் கண்டு சலித்த பொறியாளர், வேற்றுமை தென்படும் ரெஜிஸ்டர் முழுவதையும் ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிடுகிறார். விலக்கின் நிழலில் மெய்யான பிழையும் ஒளிந்துகொள்கிறது. சக்தி குழுவினர் சிலர் சென்னையில் நிறுவிய இன்கோர் நிறுவனம் கண்ட வழி இதனினும் மேலானது என்பது என் அபிப்பிராயம்: வடிவமைப்பாளர் தாம் தெரிந்தெடுத்த வழிகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், இன்கோரின் ரிஸ்காஃப் என்னும் சோதனைக் கருவி அதற்கேற்பச் சோதனைகளைப் பொறுக்கி ஓட்டும். ஆனால் அது ஒப்பிடுவது, ஒவ்வொரு சோதனையும் இறுதியில் நினைவகத்தில் எழுதிவைக்கும் முத்திரையைத்தான். அம்முத்திரையில் எழுதப்படாத ரெஜிஸ்டரில் உள்ள கோளாறு அதன் கண்ணில் படாது.

யாவற்றிலும் கடினம் இன்டரப்ட். டைமரின் அழைப்பு எந்தக் கட்டளைக்குமுன் வந்தது என்பதை ஸ்பைக் போன்ற மூலமாதிரி தானாக அறியாதாகையால், சோதிக்கப்படும் பிராசஸரே அதற்குச் சொல்லிக்கொடுக்க நேர்கிறது. வரத்தகாத வேளையில் வந்ததாக அது சொன்னாலும், மாதிரியும் மறுபேச்சின்றி அவ்வாறே நடந்துகாட்டுமானால், இரு பதிவுகளும் வரிக்கு வரி ஒத்தே நிற்கும்.