விடுதியிலிருந்து மைதானத்துக்கு

திருப்பூர் வட்டாரத்தில் விளையாட்டுக்கென்று ஒரு கிழமை உண்டென்றால் அது ஞாயிறுதான். சனிக்கிழமை சாயங்காலம் பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் பட்டுவாடா ஆகும், மறுநாள் லீவு. மங்கலம், சாமளாபுரம், சோமனூர் என்று விசைத்தறி ஊர்கள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் கபடியோ வாலிபாலோ கிரிக்கெட்டோ, டோர்னமென்ட் நோட்டீஸில் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கும். வேறு நாள் வைத்தால் ஆடுகிறவனும் வரமாட்டான், பார்க்கிறவனும் வரமாட்டான். கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைக்கோ அது கோயிலுக்குப் போகிற நாள். காலை ஆராதனை முடித்து மத்தியானம் மைதானத்துக்கு ஓடலாமா, அன்று பந்தையே தொடக்கூடாதா? உலகெங்கும் கிறிஸ்தவக் கல்லூரிகள் இந்த வழக்கை நூறாண்டுக்கு மேலாக நடத்திவருகின்றன. தீர்ப்பு ஊருக்கு ஊர் மாறுகிறது.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு தீர்ப்புகள் ஒரே மைதானத்தில் நின்றன. எடின்பரோ பல்கலைக்கழக மாணவர் எரிக் லிடல், 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்பதால் அதில் ஓட மறுத்தார். தனக்குப் பழக்கம் குறைவான 400 மீட்டரில் ஓடி, 47.6 வினாடியில் தங்கம் வாங்கினார். அடுத்த ஆண்டே சீனாவுக்கு மிஷனரியாகப் போனார். அதே ஒலிம்பிக்கில் இந்திய அணியை அழைத்துவந்திருந்த மேலாளர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். 110 மீட்டர் தடை ஓட்டக்காரர் சி.கே. லட்சுமணன் அந்த அணியில் இருந்தார். லிடலுக்கு விளையாட்டு விசுவாசத்துக்குக் கட்டுப்பட்டது. பக்குக்கு ஊர்ப்பிள்ளைகளை விளையாட வைப்பதே ஊழியம்.

பக்கைப் பற்றித் தமிழ்நாட்டில் இன்னும் நிறையப் பேசியிருக்க வேண்டும். அவர் படித்தது அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில். 1891 டிசம்பரில் அங்கேதான் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார்; அவர் இறையியல் படித்துவிட்டு உடற்கல்விக்கு வந்தவர். 1895-இல் பக்கத்து ஊரான ஹோலியோக்கில், ஒய்.எம்.சி.ஏ.வின் உடற்பயிற்சிப் பொறுப்பாளர் வில்லியம் மார்கன் வாலிபாலை உருவாக்கினார். கொங்கு நாட்டில் ராத்திரி லைட் கட்டி வாலிபால் ஆடும் ஊர்களில், இந்த ஆட்டத்தின் பூர்வீகம் ஒரு கிறிஸ்தவ இளைஞர் சங்கம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

1919-இல் இந்தியா வந்த பக், 1920-இல் சென்னையில் ஐந்து மாணவர்களோடு உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி அதுதான், ஆசியாவிலேயே அந்த வகையில் முதலாவது என்று சொல்லப்படுவது. உடல், மனம், ஆன்மா ஆகிய மூன்றும் சமபக்கம் என்று சொல்லும் ஒய்.எம்.சி.ஏ.வின் சிவப்பு முக்கோணம் அவருடைய அளவுகோல். சாம்பியன்களைத் தயாரிப்பதைவிட, விளையாட்டைச் சொல்லித்தரும் வாத்தியார்களைத் தயாரிப்பதில்தான் அவருக்கு ஆர்வம். தண்டால், பஸ்கி, சடுகுடு என்று இந்த மண்ணின் பயிற்சிகளையும் பாடத்தில் சேர்த்தார். ஊருக்கொரு விதமாக ஆடிய ஆட்டங்களின் விதிகளைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். அரசுப் பள்ளி மைதானத்தில் விசில் ஊதும் பி.டி. வாத்தியார் என்ற மனிதரே தமிழகத்தில் ஏறக்குறைய அந்தக் கல்லூரியின் வாரிசு. 1943-இல் பக் இறந்தார்.

இதற்கு நேர் எதிரான ஒரு மரபும் உண்டு. அதன் சாட்சி சில காலம் ஊட்டியிலேயே வாழ்ந்தது. சி.டி. ஸ்டட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிரிக்கெட் கேப்டன். 1882-இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து ஏழு ரன்னில் ஆஸ்திரேலியாவிடம் தோற்று, ‘ஆஷஸ்’ என்ற பெயரே பிறக்கக் காரணமான டெஸ்டில், ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் மறுமுனையில் ஆட்டமிழக்காமல் நின்றவர். மூன்றே ஆண்டுகளில் கிரிக்கெட்டை உதறிவிட்டுச் சீனாவுக்குப் போனார். 1900 முதல் 1906 வரை உதகமண்டலத்தில் சபை போதகர். புகழும் ஊழியமும் ஒரே தோளில் ஏறாது என்பது இந்தப் பள்ளியின் கட்சி. நேர்மையானதுதான், ஆனால் ஒரு கல்லூரியை இதை வைத்து நடத்த முடியாது.

காஷ்மீரில் டிண்டேல் பிஸ்கோ வேறொரு துருவம். 1891-இல் ஸ்ரீநகர் மிஷன் பள்ளியில், தோல் பந்தைத் தொடமாட்டோம் என்ற பிராமணப் பிள்ளைகளை வற்புறுத்திக் கால்பந்து ஆடவைத்தார். இங்கிலாந்தின் ‘தசைபலக் கிறிஸ்தவம்’ என்ற கொள்கையின் அப்பட்டமான உருவம் அவர். கதையாகக் கேட்கச் சுவைதான். பிள்ளையின் கூச்சத்தை அதட்டிப் போக்குவது கல்வியா என்ற சந்தேகம் மட்டும் போவதில்லை.

யாழ்ப்பாணத்தில் கதை வேறு விதமாக முடிந்தது. ஆங்கிலிக்கன் மிஷனின் சென்ட் ஜோன்ஸ் கல்லூரிக்கும் மெதடிஸ்ட் மிஷனின் மத்திய கல்லூரிக்கும் 1904-இல் தொடங்கிய கிரிக்கெட் போட்டி ‘வடக்கின் பெருஞ்சமர்’. மத்திய கல்லூரி பிற்பாடு அரசின் கைக்குப் போனது. மிஷன் விலகிய பிறகும் ஆட்டம் விலகவில்லை.

சென்னை லயோலாவின் வழி திறமைக்குக் கதவைத் திறந்துவைப்பது. 1925-இல் பிரெஞ்சு இயேசு சபைக் குருவான பெர்ட்ரம் தொடங்கிய கல்லூரி அது. 1951-இல் கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமேயான பெர்ட்ரம் டென்னிஸ் போட்டியில், பள்ளிச் சிறுவனாக இருந்த ராமநாதன் கிருஷ்ணன் ஆட கல்லூரியின் அன்றைய முதல்வர் தனி அனுமதி கொடுத்தார். பையன் போட்டியையே வென்றான். 1954-இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம், 1960, 61-இல் அரையிறுதி. பின்னாளில் விஸ்வநாதன் ஆனந்த் பி.காம். படித்ததும் இங்கேதான். இருவருமே கிறிஸ்தவர்கள் அல்லர். கிருஷ்ணனுக்கு ஆட்டம் கற்றுத்தந்தவர் தந்தை டி.கே. ராமநாதன், ஆனந்துக்குக் காய் நகர்த்தச் சொல்லித்தந்தவர் தாய். கல்லூரியின் பங்கு, குறுக்கே நிற்காமல் இருந்தது. சின்ன விஷயமாகத் தோன்றலாம். வருகைப் பதிவேட்டையும் செமஸ்டரையும் அறிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிது என்று புரியும்.

1906-இல் தஞ்சாவூரில் வந்திறங்கிய சலேசிய சபையாருக்கு மைதானம் ஆலயத்தின் நீட்சி. அவர்களுடைய நிறுவனர் ஜான் போஸ்கோ சிறுவயதில் கழைக்கூத்தும் வித்தையும் காட்டிப் பிள்ளைகளைக் கூட்டி ஜெபம் சொல்லவைத்தவர்.

இத்தனை மரபுகளில் மங்கலத்துக்குத் தூரத்தாலும் தேவையாலும் மிக நெருக்கமானது எது என்றால், பாலக்காட்டுக் கணவாயின் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். கேரளத்தின் கன்னியர் மட மகளிர் கல்லூரிகள் அவை. கண்ணூர் மாவட்டத்திலிருந்து பாலக்காடு மெர்சி கல்லூரிக்குப் படிக்க வந்த பிறகுதான் எம்.டி. வல்சம்மாவின் ஓட்ட வாழ்க்கை சூடுபிடித்தது. 1979 புனே பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் பதக்கம். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 58.47 வினாடியில் தங்கம். ஆசிய விளையாட்டில் அவருக்கு முன்பே தடகளத் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் உண்டு. அவர்களில் ஒருவர் 1970-இல் வென்ற கமல்ஜீத் சந்து. 2003 பாரிஸ் உலகத் தடகளத்தில் 6.70 மீட்டர் தாண்டி வெண்கலம் வென்ற அஞ்சு பாபி ஜார்ஜ் திருச்சூர் விமலா கல்லூரி மாணவி. சங்கனாசேரி அசம்ப்ஷன், பாலா அல்போன்சா என்று இந்த வரிசை நீளும்.

ஏன் கன்னியர் மடங்கள்? பதில் மைதானத்தில் இல்லை, விடுதியில் இருக்கிறது. பதினேழு வயதுப் பெண்ணை அரைக்கால் சட்டை போட்டு ஓடவைக்க ஒரு விவசாயக் குடும்பம் தயங்கும் காலத்தில், “சிஸ்டர் பார்த்துக்கொள்வார்” என்ற ஒரு நம்பிக்கை அந்தத் தயக்கத்தை உடைத்தது. விடியற்காலைப் பயிற்சி, வகுப்பு, மாலைப் பயிற்சி, இரவுப் படிப்பு என்ற நாளொழுங்கை மடத்துக்காரர்கள் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. மணி அடித்து வாழ்வது அவர்களுக்குப் பழக்கம். கேரள விளையாட்டு கவுன்சில் கல்லூரிகளை ஒட்டி விளையாட்டு விடுதிகளை அமைத்தபோது, பயிற்சியாளர் அரசின் ஆள், கூரையும் ஒழுங்கும் சபையுடையது என்று ஒரு கூட்டு உருவானது. விசுவாசம், படிப்பு, போட்டி மூன்றும் ஒட்டியது பிரசங்கத்தால் அல்ல, இந்த ஏற்பாட்டால்தான். அந்தக் கட்டுப்பாட்டில் மூச்சுமுட்டிய பெண்களும் இருந்திருப்பார்கள். பதக்கப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது.

கொங்கு நாட்டில் இது ஏன் நடக்கவில்லை? இங்கே அந்த இடத்தை மில் குடும்பங்களின் அறக்கட்டளைகள் முன்பே பிடித்துவிட்டன. 1926-இல் பி.எஸ்.ஜி. அறநிலையம், பிறகு அதன் கலைக் கல்லூரி, தொழில்நுட்பக் கல்லூரி, பி.எஸ்.ஜி. கோப்பைக் கூடைப்பந்து என்றால் நாடு முழுக்கத் தெரியும். பஞ்சாலைப் பணம் போட்ட அந்த உயரத்தைச் சபைக் கல்லூரிகள் எட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. கோவை நிர்மலா மகளிர் கல்லூரி 1948-இல் வந்தது. பிரசங்கியார் டி.ஜி.எஸ். தினகரன் சிறுவாணி மலையடிவாரத்தில் 1986-இல் தொடங்கிய காருண்யா, 2004-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது.

‘கல்லூரி’, ‘பல்கலைக்கழகம்’ என்ற வேறுபாடு விளையாட்டில் வெறும் பெயர்ப்பலகை விஷயமல்ல. நிர்மலா மாணவி முதலில் பாரதியார் பல்கலைக்கழக அணிக்குள் நுழைய வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளோடு போட்டி. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தன் சொந்த அணியையே தென்மண்டலப் போட்டிக்கு அனுப்பலாம். வாய்ப்பு கிட்டே, ஆனால் தேர்ந்தெடுக்க இருப்பதோ ஒரே வளாகத்துப் பிள்ளைகள். பொறியியல் பாடச்சுமையில் யார் மாலை நான்கு மணிக்கு மைதானத்துக்கு வருவார்கள் என்பது அடுத்த சங்கடம்.

அமெரிக்காவில் சங்கடமே வேறு. யூட்டாவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் ஞாயிறு ஆடுவதில்லை. தேசியக் கூடைப்பந்துப் போட்டியின் அட்டவணையையே அதற்கேற்பப் போடுகிறார்கள். கத்தோலிக்க நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துக்குத் தனி தொலைக்காட்சி ஒப்பந்தம். அங்கே விசுவாசத்தைச் சோதிப்பது பணம். நம் ஊரில் கல்லூரி ஆட்டத்தைக் காசு கொடுத்துப் பார்க்க ஆளில்லை. இங்கே சோதனை சர்டிஃபிகேட்டில் வருகிறது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட்டு, தமிழக அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு, ரயில்வே, போலீஸ் என்று ஒரு தாளுக்கு இத்தனை மதிப்பு இருக்கும்போது, ஆடாதவன் பெயரையும் அணியில் எழுதச் சொல்லிச் சிபாரிசு வரும். ஆட்டத்துக்கு முன் வட்டமாக நின்று ஜெபிக்கும் அணியைவிட, அந்தச் சிபாரிசைத் திருப்பி அனுப்பும் உடற்கல்வி இயக்குநரைத்தான் இந்த மரபின் தராசில் கனமானவர் என்று எடைபோட வேண்டும்.

மங்கலத்திலிருந்து கூடைப்பந்தோ தடகளமோ ஆடும் பெண் பிள்ளையை இத்தகைய கல்லூரியில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் விண்ணப்பம் வாங்கும்போது சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். போட்டிக்குப் போன நாட்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) உண்டா, 75 சதவீத வருகைக் கணக்கில் அது சேருமா? தவறிய இன்டர்னல் தேர்வை மறுபடி வைப்பார்களா? அணியோடு வெளியூர் போவது பெண் பயிற்சியாளரா? பிற மதப் பிள்ளைக்கு ஜெபக்கூட்டம் கட்டாயமா, அல்லது அந்த நேரத்தில் நன்னெறி வகுப்பா? ஞாயிறு போட்டி வந்தால் விடுதியின் விதி என்ன? சேலத்திலோ மதுரையிலோ ஆடிவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் திரும்பும் அணிக்கு மெஸ்ஸில் சாப்பாடு எடுத்துவைப்பார்களா? கல்லூரி அலுவலகம் தராத பதிலை, அங்கே ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி தந்துவிடுவாள்.