வக்கீலும் அகராதியும்

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிச் சூழல் எப்படி உருவாகும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்குத் தமிழ் லெக்சிகன்தான் ஞாபகம் வருகிறது. 1913-ல் பாதிரியார் சாண்ட்லர் தொடங்கிய வேலை. சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளையும் அச்சிட்டு முடித்தது 1936-ல். 1926-ல் பதிப்பாசிரியராக வந்த வையாபுரிப் பிள்ளை அதுவரை வக்கீல். இன்றைய நேர்முகத் தேர்வில் அவருக்கு என்ன மதிப்பெண் தேறியிருக்கும்? (வங்கிக் குமாஸ்தாவான எனக்கு இதில் அற்ப சந்தோஷம்.)

அங்கே நடந்ததில் மர்மம் ஒன்றுமில்லை. சொல்லுக்குப் பொருள் தந்தால் எந்த நூலில் வருகிறது என்று காட்டு. நூலில் இல்லையா, பேச்சு வழக்கு என்று குறி. பழைய அகராதியில் மட்டும் கண்டதா, அந்த அகராதியைச் சொல். இதே சிரத்தையோடுதான் பிள்ளை பின்னால் நம் பழைய நூல்களுக்குக் காலம் குறித்தார். அவர் கணிப்புகளில் சில பிசகு என்றே நினைக்கிறேன். ஆனால் அவருக்குக் கிடைத்த பதில்களில் பெரும்பகுதி வசை. ஆதாரத்தை ஆதாரத்தால் மறுத்திருந்தால் ஒரு மரபே உருவாகியிருக்கும்.

ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற விதியை மானியக் குழு 2022-ல் கைவிட்டது. விதி இருந்த நாட்களில் காசு வாங்கி அச்சிடும் சஞ்சிகைகள்தான் செழித்தன. அவற்றில் நெறியாளரை மறுத்து எழுதிய மாணவர் ஒருவரையாவது யாரேனும் காட்டட்டும்.