உத்திரமேரூர்க் கல்வெட்டும் வரைகலைக் கல்வியும்

பல்கலைக்கழகங்களிலும் கலைக் கல்லூரிகளிலும் வரைகலை இன்று ஒரு தனித்துறையாகக் கற்பிக்கப்பெறுகின்றது. எழுத்து, படம், வண்ணம், வெற்றிடம் ஆகிய நான்கனையும் ஒழுங்குபடுத்தி, ஒரு கருத்தினைக் காண்பார்க்கு விளங்க உணர்த்தும் கலையே வரைகலை எனலாம். இந்நான்கனுள்ளும் தலையாயது எழுத்து. ஆயினும் இக்கல்வியில் தமிழ் எழுத்திற்கு உரிய இடம் யாது என்னும் வினாவைத் தமிழ்த் துறையினராகிய நாம் போதிய அளவு எழுப்பினோமில்லை. எழுத்தின் ஒலியையும் புணர்ச்சியையும் ஆராய்ந்த அளவிற்கு, அதன் கட்புலனாகும் வடிவினை நாம் ஆராயவில்லை. வரைகலைத் துறையினரோ வடிவினை ஆராய்கின்றனர். எனினும் அவர்தம் பாடங்கள் பெரும்பாலும் உரோமன் எழுத்தினின்றே தொடங்குகின்றன. இரு துறைக்கும் இடைப்பட்ட இக்குறையினை, உத்திரமேரூர்க் கல்வெட்டினைக் களனாகக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்வெட்டும் அதன் ஆராய்ச்சியும்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்களில், முதற் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளைச் சார்ந்த இரு கல்வெட்டுக்கள் உள்ளன. அவை முறையே கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியன. முன்னது வாரியப் பெருமக்களைத் தெரிந்தெடுத்தற்கு விதி வகுத்தது. பின்னது அவ்விதியைத் திருத்தி விரித்தது. 30 குடும்புகளிலிருந்து குடவோலை வழியாக முப்பதின்மரைத் தெரிந்து, பன்னிருவரை ஆண்டு வாரியத்திற்கும், பன்னிருவரைத் தோட்ட வாரியத்திற்கும், அறுவரை ஏரி வாரியத்திற்கும் அமர்த்தும் முறையைப் பின்னது கூறுகின்றது.

வெங்கையா இக்கல்வெட்டுக்களை இந்தியத் தொல்லியல் துறையின் 1904–05-ஆம் ஆண்டறிக்கையில் வெளியிட்டு விளக்கினார். நீலகண்ட சாஸ்திரியார், சோழர் வரலாறும் ஆட்சிமுறையும் பற்றி 1932-இல் வெளிவந்த தம் ஆய்வுநூலில் இச்சபையினை விரிவாக ஆராய்ந்தார். பின் வந்தோர் பலரும் இவற்றை ஊராட்சி வரலாற்றிற்குச் சான்றாகவே கொண்டனர். அது தக்கதே. எனினும், எழுத்து யாருக்காக, எந்நிலையில் படிக்கப்படல் வேண்டும் என்பது பற்றியும் இக்கல்வெட்டு ஒரு தெளிந்த கொள்கையினை உள்ளடக்கியுள்ளது என்பது எம் கருத்து.

ஓலையும் வாசிப்பும்

பின்னைய கல்வெட்டுக் கூறும் நிகழ்ச்சி முறையினை ஈண்டு நினைவுகூர்தல் நலம். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதுதல் வேண்டும். ஒரு குடும்பின் ஓலைகளை ஒரு கட்டாக்கி, இன்ன குடும்பு என்பதைக் காட்டும் வாயோலை ஒன்றனை அதன்மேற் பூட்டுதல் வேண்டும். முப்பது கட்டுக்களையும் குடத்தில் இட்டபின், சபையினர் கூடியிருக்க, நம்பிமாருள் முதியவர் அக்குடத்தை எல்லாரும் காண எடுத்து நிற்பார். உள்ளிருப்பதன் வேறுபாடு அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டினை எடுப்பான். அது வேறொரு குடத்தில் இட்டுக் குலைக்கப்பெற்றபின், அவனே ஓரோலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் தருவான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய அதனை உள்ளங்கையில் ஏற்று வாசித்தல் வேண்டும். அவன் வாசித்த பின்னர், மண்டபத்திருந்த நம்பிமார் எல்லாரும் அவ்வோலையினை வாசித்தல் வேண்டும். அதன் பின்னரே அப்பெயர் ஏற்கப்படும்.

இம்முறையில் எழுத்து நான்கு நிலையில் தொழிற்படுகின்றது. ஓலை ஒரு பெயரைத் தாங்குகின்றது. வாயோலை ஒரு தொகுதியினைப் பிரித்துக் காட்டுகின்றது. எடுக்கும் சிறுவனுக்கு எழுத்து விளங்காதிருத்தல் நடுநிலைமைக்குக் காவலாகின்றது. வாசிப்பார் பலர்க்கும் அது ஒரே பெயராக விளங்குதல் நம்பிக்கைக்கு அடிப்படையாகின்றது. ஓலையில் ஓரெழுத்து ஐயத்திற்கு இடமாயின், பலர் வாசித்தல் என்னும் காப்பே பயனற்றதாகும். அவ்வோலைகள் நமக்குக் கிடைத்தில. ஆதலின் அவற்றின் எழுத்து எவ்வாறிருந்தது எனக் கூறல் இயலாது. ஆயின், தெளிவாக வாசிக்கப்படுதல் ஆட்சியின் நேர்மைக்கு இன்றியமையாதது எனச் சபையார் கருதினர் என்பது விதியிலேயே தெளிவாக உள்ளது.

ஈண்டு ஒரு வரையறையும் கூறுதல் கடன். இம்முறையினை இக்கால மக்களாட்சியோடு ஒன்றாக வைத்துப் புகழ்வார் உளர். நிலவுடைமை, சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரையான அகவை, வேதக் கல்வி ஆகிய தகுதிகளை இக்கல்வெட்டு வேண்டுகின்றது. இஃது ஒரு பிரமதேயச் சபையின் விதி. ஆதலின் அவ்வோலையின் வாசகர் சிலரே, அவர் கற்றோர். 1951–52-இல் நடைபெற்ற முதற் பொதுத்தேர்தலில், வாக்காளருள் மிகப் பலர் எழுத்தறியாதவராக இருந்தமையின், ஒவ்வொரு வேட்பாளர்க்கும் தனிப்பெட்டி வைத்து, அதன்மேற் சின்னம் பொறிக்க நேர்ந்தது. முன்னதில் எழுத்து, பின்னதில் படம். காண்பவர் யார் என்னும் வினாவே வடிவத்தினை முடிவு செய்தது என்பதற்கு இவ்விரண்டும் சான்றாவன.

கல்லின் எழுத்து

இனி, ஒரு தடை எழக்கூடும். ஓலையின் தெளிவினை வலியுறுத்தும் அக்கல்வெட்டுத்தானும் எளிதிற் படிக்கத்தக்கதோ? அக்காலக் கல்வெட்டுக்களில் மெய்யெழுத்திற்குப் புள்ளி பெரும்பாலும் இடப்பெறுவதில்லை. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடு காட்டப்பெறுவதில்லை. காலும் ரகரமும் வடிவால் வேறுபடுவதில்லை. சொற்களுக்கிடையே இடம் விடப்பெறுவதில்லை. வடசொற்கள் கிரந்த எழுத்தில் இடையிடையே வருகின்றன. மெய்யும் குற்றெகர ஒகரங்களும் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் முன்னரே விதித்திருந்தும், கல்லில் அவ்விதி பெரிதும் கைக்கொள்ளப்பெறவில்லை.

இவற்றைக் குறையெனக் கூறி ஒதுக்குதல் பொருந்தாது. கல்வெட்டின் வாசகர் பயின்ற வாசகர். தொடரின் அமைப்பினையும் ஆவண நடையினையும் முன்னரே அறிந்தவர். வாய்விட்டு ஓதிப் பொருள் கொள்ளுபவர். அவர்க்குப் புள்ளியின் பணியினைப் பயிற்சி செய்தது. மேலும் சுவரெழுத்து நெடுங்காலம் நிற்றற்கு உரிய ஆவணம்; குடவோலையோ ஒரு நொடியில் பலர் கண்டு தெளிதற்கு உரியது. பயன் வேறாதலின் அளவையும் வேறாதல் இயல்பு. எனவே தெளிவு என்பது எழுத்தின்கண் மட்டும் நிற்பதொரு பண்பு அன்று. எழுத்து, வாசகர், வாசிக்கும் சூழல் ஆகிய மூன்றன் இயைபே தெளிவு எனப்படும்.

அச்சு வந்தபின் இவ்வியைபு பலமுறை மாறியது. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தினை ஈய அச்சிற்குக் கொணர்ந்தது. 18-ஆம் நூற்றாண்டில் எகர ஒகர நெடில்களுக்கு வீரமாமுனிவர் பெயரால் வழங்கும் திருத்தம் தோன்றியது. புள்ளியும் சொல்லிடைவெளியும் அச்சு நூல்களில் படிப்படியாக நிலைபெற்றன. பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழிற் கையாண்ட சீர்திருத்தத்தின் ஒரு பகுதியினை ஏற்று, 1978-இல் தமிழக அரசு ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துக்களுக்கு இன்றைய வடிவினை வகுத்தது. பயின்ற சிலர்க்கே உரியதாயிருந்த எழுத்து, புதிதாகக் கற்கும் பலர்க்கும் உரியதாகி வந்த வரலாறே இம்மாற்றங்களில் விளங்குகின்றது.

இருவேறு கொள்கைகள்

இந்நாட்டில் கலைக்கல்வி நெடிய வரலாறுடையது. சென்னைக் கலைப்பள்ளி 1850-இல் தோன்றியது. ஈம்ஸ் இணையர் 1958-இல் அளித்த அறிக்கையின் பயனாக, 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் நிறுவப்பெற்றது. இன்று இக்கல்வியில் தமிழ் எழுத்துப் பற்றி இருவேறு கொள்கைகளைக் காண்கின்றோம்.

முதற்கொள்கை, உரோமன் எழுத்தின் இலக்கணமே பொது இலக்கணம் என்பது. இது பொருந்தாமையினைச் சில சான்றுகளாற் காட்டலாம். தமிழிற் பேரெழுத்து, சிற்றெழுத்து என்னும் பாகுபாடு இல்லை. ஆதலின் தலைப்பினைப் பேரெழுத்தால் உயர்த்துதல் இயலாது. ‘கீ’ என்பதன் சுழி மேலேறுகின்றது. ‘கூ’, ‘நூ’ என்பன கீழிறங்குகின்றன. ஆங்கில வரிக்குரிய இடைவெளியினைத் தமிழ் வரிக்கு இடின் இரண்டும் முட்டிக்கொள்ளும். னகரமும் ணகரமும் சுழியின் எண்ணிக்கையாலேயே வேறுபடுவன. எழுத்தினைத் தடிமனாக்குங்கால் சுழிகள் அடைபட்டு இரண்டும் மயங்கும். ஒட்டுக்களால் நீளும் தமிழ்ச் சொற்களைக் குறுகிய பத்தியில் இருபுறமும் ஒப்ப நிறுத்தின், வரியிடையே பெரும்பள்ளங்கள் தோன்றும். இவை சிறு குறைகள் அல்ல. மருந்துச் சீட்டிலும், பேருந்துப் பலகையிலும், பள்ளிப் பாடநூலிலும் படிப்பவரை இடர்ப்படுத்துவன.

இரண்டாங்கொள்கை, தொன்மைத் தோற்றமே தமிழ்மை என்பது. கல்வெட்டின் கோணலையும் சிதைவையும் போலச்செய்து விழா அழைப்பிலும் விளம்பரத்திலும் இடுவார் இதனைச் சார்ந்தோர். சோழர் கால எழுத்தின் வளைவு எழுதுகருவியும் எழுதப்படுபொருளும் கூடிப் பெற்ற வளைவு. அதன் காரணம் அறியாது தோற்றத்தை மட்டும் கொள்ளுதல் ஆராய்ச்சியாகாது. ஓவியர் ஆதிமூலம் (1938–2008) நூல்களுக்கும் இதழ்களுக்கும் எழுதிய தலைப்பெழுத்துக்கள் பழமையைப் போலச்செய்யாமலே தமிழ் எழுத்தின் இயல்பான ஓட்டத்தினைக் காட்டுவன. பிரியா இரவிச்சந்திரன் வடிவமைத்த ‘கட்டமரன்’ எழுத்துரு, தமிழையும் உரோமனையும் ஒரே குடும்பத்தில் வைத்துப் பல தடிமன்களில் அமைத்தது. இத்தகைய முயற்சிகள் தமிழ்த் துறையின் திறனாய்விற்கும் உரியவை. இலக்கியத்தின் யாப்பினை ஆராயும் நாம், எழுத்தின் யாப்பினை ஆராயாது விடுதற்குக் காரணம் இல்லை.

பாடத்திற் செய்யத்தக்கன

தமிழ்த் துறையின் கல்வெட்டியற் பாடம் பெரும்பாலும் படித்தறிதலோடு நின்றுவிடுகின்றது. வரைகலைப் பாடம் பெரும்பாலும் வரைதலோடு நின்றுவிடுகின்றது. இரு துறை மாணவரும் ஒருங்கே பயிலும் ஒரு தாள் வேண்டும் என்பது எம் கருத்து. உத்திரமேரூர் அதற்குச் சிறந்த களன். மாணவர் சுவரெழுத்தினை உரியவர் இசைவோடு ஒளிப்படமும் மைப்படியும் கொண்டு ஆராய்தல் வேண்டும். ஓரெழுத்தின் பல வடிவங்களைத் தொகுத்து அளந்து காணல் வேண்டும். 1957-இல் மாமல்லபுரத்தில் தோன்றிய சிற்பக் கல்லூரியின் கைவினைஞரிடம் உளியின் போக்கினைக் கேட்டறிதல் வேண்டும். பின்னர், அவ்வூர் மக்கள் நாள்தோறும் காணும் ஓர் அறிவிப்பினை இக்காலத் தமிழில் வடிவமைத்து, முதியோரும் சிறாரும் அதனைப் படிக்குமாறு செய்து, எவ்விடத்துத் தடுமாறுகின்றனர் எனக் குறித்தல் வேண்டும். அத்தடுமாற்றமே அவர்தம் தேர்விற்கு மதிப்பெண் ஆதல் தகும்.

இதனாற் பெறும் பயன் பெரிது. சிற்றூரிலிருந்து வரைகலை பயில வரும் மாணவர், தாம் நன்கறிந்த எழுத்து வகுப்பறையில் ஓரத்தில் நிற்பதைக் காண்கின்றார். தமிழ் வழியிற் கற்றமை அவர்க்குக் குறையாகத் தோன்றுகின்றது. உண்மையில் அவ்வெழுத்தறிவே அவர்தம் முதலீடு. மற்றையோர் முயன்று பெறல் வேண்டிய ஒன்றனை அவர் உடன்கொண்டு வருகின்றார். அதனை அறிவாக மாற்றிக் கொடுத்தல் பல்கலைக்கழகத்தின் கடமையாகும்.

முடிவு

உத்திரமேரூர்ச் சபையார் ஓலையினை எழுதியதோடு அமையாது, அதனைப் பலர் வாசித்துத் தெளிதல் வேண்டும் என விதித்தனர். அவ்வாசகர் வட்டம் அன்று சிறிது. இன்று எழுத்தறிந்த மக்கள் அனைவரையும் உட்கொள்வது. எனவே தமிழ் எழுத்தின் வடிவமைப்பினை மதிப்பிடுங்கால், அழகினையும் தொன்மையினையும் வினவுதற்கு முன்னர், உரியவர் உரிய இடத்தில் ஐயமின்றிப் படிக்கின்றனரா என்பதனை வினவுதல் வேண்டும். அவ்வினாவிற்கு விடை காணும் பொறுப்பு வரைகலைத் துறைக்கு எத்துணை உண்டோ, தமிழ்த் துறைக்கும் அத்துணை உண்டு.