இரண்டு வரியில் ஒரு கிராமம்

அல்போர்ஸ் மலைத்தொடரில், தெஹ்ரானுக்கு வடமேற்கே, தாலெகான் பள்ளத்தாக்கில் இருக்கிறது ஔராசான் என்ற சிற்றூர். ஈரானின் இத்தகைய ஊர்களைப் பற்றித் தகவல் நூல்கள் தருவது பெரும்பாலும் இரண்டே வரிதான்: எந்த மாகாணம், எத்தனை பேர். ஔராசானுக்கு அதற்கு மேலும் ஒன்று வாய்த்தது. அவ்வூரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த எழுத்தாளர் ஜலால் ஆலெ அஹ்மத், 1954இல் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். எனவே இருவகைப் பதிவையும் ஒப்பிட்டு எடைபோட ஏற்ற ஊர் இது.

முதலில் இருப்பிடம். 2010இல் தெஹ்ரான் மாகாணத்தைப் பிரித்து அல்போர்ஸ் மாகாணம் உருவானது. தாலெகான் புதிய மாகாணத்தோடு போயிற்று. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, பழைய நூல்களின் முகவரி மட்டும் காலாவதியானது. ஆனால் பயிரையும் பாதையையும் பிழைப்பையும் தீர்மானிக்கும் மலையும் ஷாருத் ஆறும் மாறவில்லை. நிர்வாகப் பெயரைச் சொல்லி நிலத்தைச் சொல்லாத குறிப்பு பாதி உண்மையே.

அடுத்தது மக்கள்தொகை. ஈரானின் முதல் தேசியக் கணக்கெடுப்பு 1956இல் நடந்தது. அன்று முதல் 2016 வரை எல்லாக் கணக்கெடுப்புகளும் இலையுதிர்காலத்தில் நடந்தவை. தாலெகானிலிருந்து தெஹ்ரானுக்கும் கரஜுக்கும் குடிபெயர்ந்தவர்கள் கோடையில் ஊர் திரும்புவது வழக்கம். அவர்கள் வழக்கமாக வசிப்பது நகரத்தில் என்பதால் கணக்கிலும் நகரத்தாரே. ஆகவே கோடையில் நிரம்பும் ஊர் ஏட்டில் மெலிந்தே தெரியும். இது எண்ணின் பிழையல்ல, அதன் வரையறை. வரையறையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் தருவதுதான் பிழை.

சில வேளை குறிப்பில் சேரும் 'பாரசீகம் பேசும் ஊர்' என்ற முத்திரையும் இப்படிப் பாதி உண்மைதான். தாலெகான் பேச்சு, தெஹ்ரான் பள்ளிக்கூடப் பாரசீகம் அல்ல. காஸ்பியன் கரை மொழிகளின் சாயல் அதில் உண்டு. ஆலெ அஹ்மத் அந்த வட்டார வழக்கைப் பொருட்படுத்திப் பதிவு செய்தார். உழவு, உடை, திருமணச் சடங்கு என வாழ்வின் அன்றாடத்தையும் எழுதினார். எந்த அட்டவணையாலும் இதைத் தர முடியாது.

ஆனால் அவர் நூலுக்கும் எல்லை உண்டு. தெஹ்ரானில் பிறந்து, உறவின் உரிமையோடு ஊரைப் பார்த்தவரின் பார்வை அது. ஒரு காலகட்டத்தோடு நின்றும்விடுகிறது. 1956இல் ஈரானியரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே நகரவாசிகள். 2016இல் நான்கில் ஏறக்குறைய மூன்று பங்கினர். கிராமங்கள் எத்தகைய குடிபெயர்வைச் சந்தித்தன என்பதை இந்த நீண்டகாலக் கணக்கு காட்டும். தனியொரு ஊரின் சித்திரம், எவ்வளவு நேர்த்தியானாலும், காட்டாது.

அதனால் எண்ணைத் தள்ளி இலக்கியத்தைக் கொண்டாடுவது என் தீர்ப்பல்ல. இரண்டு வரிக் குறிப்பு தேவை. இன்றைய வடிவில் அது போதாது. கணக்கெடுத்த ஆண்டும் பருவமும், குடும்பங்களின் எண்ணிக்கை, முந்தைய கணக்குகள், ஊரின் நீராதாரம், வட்டாரப் பேச்சு ஆகியவற்றைச் சேர்த்தால் ஐந்தாறு வரிக்குள் அடங்கிவிடும். சிற்றூர் என்பதற்காக இந்தக் கூடுதல் வரிகளை மறுப்பது சுருக்கமல்ல, அலட்சியம். ஔராசானுக்கு வாய்த்ததுபோல் எழுத்தாளர் வாய்க்காத ஆயிரக்கணக்கான ஊர்களுக்கு அந்தக் குறிப்பே ஒரே வரலாறு என்பதால், அதைச் செம்மையாக எழுதுவது தொகுப்பாளரின் கடமை.